முதல் கணினி மொழி: எந்தப் பாலத்தால் போவது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் ஏதாவது ஒரு கோர்ஸ் தேடி அலைகிற காலம் இது. கொக்கட்டிச்சோலையில் இருக்கிற என் அக்காவின் மகளும் அப்படித்தான். ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் அடுக்கடுக்காகப் படங்கள் அனுப்பினாள். முதல் மொழி என்றால் பைதன்தான் என்று அடித்துச் சொல்லும் ஒரு யூடியூப்காரர். ஜாவா படித்தால்தான் வேலை என்று கட்டாரில் இருந்து அவளுடைய பெரியப்பா மகன். சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைதன் நான்கையும் மூன்றே மாதத்தில் படிப்பித்துத் தருகிறோம் என்று ஒரு வகுப்பின் விளம்பரம். எல்லாவற்றுக்கும் கீழே அவளுடைய கேள்வி: "மாமா, எதைப் படிக்க? ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க."

நான் பேரைச் சொல்லவில்லை. "எழுவான்கரையில் இருந்து படுவான்கரைக்குப் போக எந்தப் பாலம் நல்லது?" என்று திருப்பிக் கேட்டேன்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வாவிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எவருக்கும் அந்தக் கேள்வியின் கோளாறு உடனே பிடிபடும். களுவாஞ்சிக்குடியில் நிற்கிறவருக்குப் பட்டிருப்புப் பாலம். ஆரையம்பதியில் நிற்கிறவருக்கு மண்முனைப் பாலம். மட்டக்களப்பு நகரத்தில் நிற்கிறவர் வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போய்விடுவார். எது நல்ல பாலம் என்று பட்டிமன்றம் வைத்துக்கொண்டிருந்தால் பொழுதுபட்டுப் போகும். நிற்கிற இடத்தைச் சொன்னால் போதும், பாலம் தானாக முடிவாகிவிடும். அக்கரைக்குப் போன பிறகு எல்லா வீதியும் ஒன்றோடொன்று சந்திக்கத்தான் செய்கின்றன.

அதனால் அவளிடம் மூன்று விஷயம் கேட்டேன். கையில் என்ன இருக்கிறது, போனா லெப்டொப்பா? என்ன செய்து பார்க்க ஆசை? மூன்றாவது, நான் அதிகம் அழுத்திக் கேட்டது: பிழை வந்து முழிக்கிற நேரத்தில் ஓடிப்போய்க் கேட்க உனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார், அவருக்கு எந்த மொழி தெரியும்?

இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், கணினி மொழி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஒரு பந்தி தள்ளிப் போகலாம்.

கணினியின் உள்ளே இருக்கிற சிப் என்கிற சில்லுக்குப் புரிவது ஒன்றும் பூச்சியமும் கொண்ட கட்டளைகள் மட்டும். அதில் மனிதன் எழுத முடியாமல் இல்லை, ஆரம்ப காலத்தில் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் சின்னக் கணக்கு ஒன்றுக்கே சீவன் போய்விடும். ஆகவே மனிதன் வாசிக்கக்கூடிய மாதிரி, அதேநேரம் இரண்டு அர்த்தம் வராத மாதிரி, இடையில் ஒரு எழுத்துமுறையை உருவாக்கினார்கள். அதுதான் நிரலாக்க மொழி. அதில் நாங்கள் எழுதுவதை இயந்திரக் கட்டளையாக மாற்ற இன்னொரு மென்பொருள் இருக்கும். சி போன்ற மொழிகளில் எழுதியதை முழுக்க ஒரே தடவையில் மாற்றி வைத்துவிட்டுப் பிறகு ஓடவிடுவார்கள். பைதனில் எழுதிய கையோடு ஓடவிட்டுப் பார்க்கலாம். தொடங்குகிறவருக்கு இந்த இரண்டாவது வகை சௌகரியம். ஒரு வரி எழுது, பார். பிழையா, திருத்து, திரும்பப் பார்.

சரி, உண்மையான நிரல் ஒன்றைப் பார்ப்போம். அத்தான் வெள்ளாமைக்காரர். நெல்லை வியாபாரி எடுக்கும்போது மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிவு பிடிப்பார். அதைக் கழித்து, கிலோ விலையால் பெருக்கினால் கைக்கு வருகிற காசு. இலக்கங்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்:

மூடை = 40
நிறை = 65
கழிவு = 2
விலை = 120
வரவு = மூடை * (நிறை - கழிவு) * விலை

இது விளங்கப்படுத்துவதற்காக நான் தமிழாக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஐந்து வரியையும் இப்படியே, தமிழிலேயே, பைதனில் தட்டினால் ஓடும். 3ஆம் பதிப்பில் இருந்து பைதன் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க இடம் கொடுக்கிறது. * என்கிற உடுக்குறி என்றால் பெருக்கல். கடைசியில் வரவைத் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளையை மட்டும் ஆங்கில எழுத்தில் போட வேண்டும். 302400 என்று வரும்.

மூடை, நிறை, கழிவு இவையெல்லாம் பாடப்புத்தகம் மாறிகள் என்று சொல்கிற சாமான்கள். பேர் ஒட்டிய டப்பா மாதிரி. உள்ளே இருப்பது மாறலாம், பேர் மாறாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்முனைப் பாலத்தால் அக்கா வீட்டுக்குப் போய் இதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அத்தான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "ரெண்டு கிலோவா? அவன் மூணு கிலோ எல்லுவா பிடிக்கிறான்" என்றார். மருமகள் கழிவில் 2ஐ அழித்து 3 போட்டாள். வேறு எதையும் தொடவில்லை. வரவு 297600 ஆகிவிட்டது. "ஒரு கிலோவுக்கு 4,800 ரூபா போகுதா?" என்று அத்தான் கேட்ட கேள்வி வியாபாரிக்கு, எங்களுக்கு இல்லை. ஆனால் மாறி என்றால் என்ன என்று நான் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்த நினைத்திருந்தது அந்த ஒரு இலக்கத்தில் முடிந்துபோயிற்று.

இப்போது இன்னொரு விஷயம். அதே ஐந்து வரியையும் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, அதன் கொன்சோலில் (கட்டளை தட்டிப் பார்க்கிற இடத்தில்) தட்டிப் பாருங்கள். அங்கே ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட், முற்றிலும் வேறு மொழி. ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே விடை வரும். முறையாக எழுதுகிறவர்கள் முன்னால் ஒரு சொல் சேர்ப்பார்கள், சேர்க்காவிட்டாலும் ஓடும். சி மொழியிலோ ஜாவாவிலோ என்றால் ஒவ்வொரு மாறியும் முழுவெண்ணா தசமமா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், வரி முடிவில் அரைப்புள்ளி போட வேண்டும், சுற்றிவர ஒரு சட்டகமும் கட்ட வேண்டும். ஆனால் கணக்கு வரி அதே கணக்கு வரிதான். மாறி, நிபந்தனை (இப்படி இருந்தால் இதைச் செய்), மடக்கு (அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்), செயற்கூறு (ஒரு வேலைக்குரிய வரிகளைப் பேர் வைத்துக் கட்டி வைப்பது) என்று நாலு சங்கதி இருக்கின்றன. ஒரு மொழியில் இந்த நாலும் கையில் ஏறிவிட்டால் அடுத்த மொழியில் அவற்றைத் தேடிப் பிடிக்கச் சில கிழமை போதும். முதல் மொழி எது என்று உயிரை விட வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் எல்லா மொழியும் ஒன்றா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அந்தக் குணம் நாங்கள் பிழை விடுகிற நேரத்தில்தான் வெளியே வரும்.

அன்றைக்கே வந்தது. 40 மூடை என்று நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்த வேண்டும்; அதைவிட எத்தனை மூடை என்று நிரலே கேட்டால் நல்லது என்று மருமகளுக்கு ஒரு யோசனை. யூடியூப்பில் பார்த்த மாதிரி விசைப்பலகையில் இருந்து வாங்குகிற கட்டளையைப் போட்டாள். நிரல் கேட்டது, இவள் 40 என்று தட்டினாள். திரை முழுக்க 40404040404040 என்று ஓடத் தொடங்கியது. நிற்கவே இல்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அத்தான், "என்ன புள்ள, இவ்வளவு காசா?" என்றார். அக்கா குசினிக்குள் இருந்து சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

நடந்தது இதுதான். விசைப்பலகையால் வருகிற எதையும் பைதன் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். அவள் தட்டிய 40 அதற்கு ஒரு எண் இல்லை, நாலும் பூச்சியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு எழுத்து. எழுத்தை ஒரு எண்ணால் பெருக்கச் சொன்னால், பைதன் அதை அத்தனை தடவை திருப்பி எழுதும். 63ஐ 120ஆல் பெருக்கினால் 7560. அத்தனை தடவை 40 என்று எழுதியிருக்கிறது, மொத்தம் 15,120 எழுத்து. கணினி சொன்னதைச் செய்தது, நாங்கள் நினைத்ததைச் செய்யவில்லை. வாங்கியதை முழுவெண்ணாக மாற்று என்று ஒரு சின்னக் கட்டளை சேர்த்ததும் 302400 திரும்ப வந்தது. கழிவை அவள் மறுபடி 2ஆக்கியிருந்தாள். அத்தானுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

இதையே ஜாவாஸ்கிரிப்டில் செய்திருந்தால் அவளுக்குப் பிழையே தெரிந்திருக்காது. பெருக்கல் குறியைக் கண்டதும் அது எழுத்தைத் தானாகவே எண்ணாக்கிக் கணக்குப் பார்த்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும். அவள் தட்டிய 40 மூடையோடு அடுத்த நாள் வந்த 2 மூடையைக் கூட்டச் சொல்லுங்கள், அப்போது விளையாட்டு தெரியும். கூட்டல் குறியைக் கண்டால் அதே ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் எழுத்தாக்கி ஒட்டிவிடும். 42 வர வேண்டிய இடத்தில் 402 என்று வந்து நிற்கும். எச்சரிக்கை ஒன்றும் வராது. அதே கூட்டலைப் பைதனிடம் கொடுத்தால் எழுத்தையும் எண்ணையும் கூட்ட ஏலாது என்று அந்த வரியிலேயே நின்று, எந்த வரி என்றும் சொல்லி, டைப் எரர் என்று சத்தம் போடும்.

இந்தக் குண வித்தியாசத்துக்குக் காரணம் பிறந்த வீடு. ஜாவாஸ்கிரிப்டை 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் உலாவிக்காகப் பத்தே நாளில் பிரெண்டன் ஐக் எழுதிக் கொடுத்தார். இணையப் பக்கம் செய்கிற பொழுதுபோக்குக்காரர்களும் பாவிக்க வேண்டும், சின்னப் பிழைக்காகப் பக்கம் உடைந்து நிற்கக்கூடாது என்ற நிலைமை. அதனால் சமாளித்துப் போகிற பிள்ளையாகவே வளர்ந்தது. பைதனைச் செய்த கீடோ வான் ரொசம், நெதர்லாந்தில் ஏபிசி என்ற மொழியை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அது நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் படிப்பிக்கவென்று யோசித்துச் செய்த மொழி. அந்த அனுபவத்தோடு 1989 நத்தார் விடுமுறையில் பைதனைத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். வாசிக்க இலகுவாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வந்தது. சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி செய்தது, யுனிக்ஸ் இயங்குதளத்துக்காக. அந்தக் காலத்துக் கணினியில் நினைவகம் சொற்பம். ஒவ்வொரு மாறிக்கும் எவ்வளவு இடம் என்று முன்னால் சொல் என்று அது கேட்பது அதனால்தான். சியில் 7 மூடையை இரண்டு பேருக்குப் பிரி என்றால், இரண்டும் முழுவெண் என்றபடியால் 3 என்று சொல்லும். மிச்ச அரை மூடை எங்கே என்று நீங்கள்தான் தேட வேண்டும். பைதனும் ஜாவாஸ்கிரிப்டும் 3.5 என்று சொல்லும்.

தொடங்குகிறவர் எந்த மொழியில் தொடங்கினாலும் முதல் மூன்று மாதத்தில் செய்யப்போவது நிரல் எழுதுவது இல்லை, பிழைச்செய்தி வாசிப்பது. இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் பயந்து மூடிவைத்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து பாதி வழியில் விட்டவர்கள் எல்லாரும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, "இங்க பார், ஆறாவது வரியில அடைப்புக்குறி மூடல்ல" என்று சொல்லிவிட்டால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் இரண்டு நாள் போகும், பிறகு ஆசையும் போய்விடும். பக்கத்தில் யார் என்ற கேள்வியை நான் முதலில் வைப்பது இதற்காகத்தான். உங்களுடைய அண்ணன் ஜாவாவில் வேலை செய்கிறார், தினமும் இரவில் வீட்டுக்கு வருகிறார் என்றால், யூடியூப் முழுக்கப் பைதன் என்று சொன்னாலும் நீங்கள் ஜாவாவில் தொடங்குங்கள். கொஞ்சம் கடினம்தான். ஆனாலும் தனியே இருந்து இலகுவான மொழியோடு மல்லுக்கட்டுவதைவிடத் துணையோடு கடினமான மொழி மேல்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் போன வகுப்பில் சி படிப்பித்தார்கள். நாலு பேருக்கு ஒரு கணினி. அதனால் நிரலைக் கொப்பியில்தான் எழுதுவோம், சேர் சிவப்புப் பேனையால் அரைப்புள்ளி போட்டுத் தருவார். ஆறு மாதம் போனேன். சுட்டி (நினைவகத்தில் ஒரு இடத்தின் முகவரியை வைத்திருக்கிற மாறி) என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணம் ஒப்புவிப்பேன், ஆனால் சொந்தமாக ஒரு நிரலும் ஓடியதில்லை. சி படித்தால்தான் அடிப்படை உறுதியாகும் என்று அப்போது சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். கணினிக்குள் நினைவகம் எப்படி இயங்குகிறது என்று காட்ட சியைப் போல ஒன்று இல்லை என்பது உண்மை. ஆனால் அது இரண்டாவது மொழியாக வந்தால் ருசிக்கும். முதல் மொழியாக, அதுவும் கொப்பியில் வந்தால், எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

எங்கள் பக்கத்தில் பக்கத்துத் துணை என்று பார்த்தால், அனேகமாகப் பைதன்தான் கிடைக்கும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திட்டத்தில் இருப்பது பைதன். ஆகவே ஊரில் அந்தப் பாடம் எடுத்த அக்கா, அண்ணன், படிப்பிக்கிற ஆசிரியர், எல்லாருக்கும் அதில் கொஞ்சமாவது பழக்கம் இருக்கும். தமிழில் பாடக்குறிப்பும் கிடைக்கும். சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிக்லாஸ் விர்த் 1970இல் மாணவருக்கென்றே செய்த மொழி அது, ஒழுங்கு பழக நல்லது. இன்றைக்கு அதில் வேலை தேடுவது கஷ்டம், ஆனால் படித்தது ஒன்றும் வீண் இல்லை. நிபந்தனையும் மடக்கும் அதில் விளங்கியிருந்தால் பைதனில் ஒரு கிழமையில் பிடித்துவிடலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கணினி படிக்கிற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். அவர்கள் எந்த மொழியில் புரளுகிறார்களோ, அதற்கு என் கணக்கில் கூடுதல் புள்ளி.

இங்கிலிஷ் வராது என்ற பயம் பலருக்கு உண்டு. மருமகளுக்கும் இருந்தது. பைதன் தன் வேலைக்கென்று மொத்தமாக ஒதுக்கி வைத்த இங்கிலிஷ் சொற்கள் 35. மாறிகளுக்குத் தமிழில் பேர் வைக்கலாம் என்று மேலே பார்த்தோம். 35 சொல் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாதத்தில் பாடமாக்குகிற அளவு. பிழைச்செய்திகள்தான் முழு இங்கிலிஷில் வரும், ஆனால் அவையும் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பத்துப் பதினைந்து வாக்கியம்தான். முழுக்கத் தமிழிலேயே எழுத வேண்டும் என்றால் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழி இருக்கிறது. அதன் கட்டளைச் சொற்களே தமிழ். நெல்லில் ஈரம் கூடினால் விலையைக் குறை என்பதை இப்படி எழுதலாம்:

@( ஈரம் > 14 ) ஆனால்
    விலை = விலை - 10
முடி

பார்க்கவே ஒரு சந்தோசம். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் முட்டி நிற்கும்போது கேட்க ஆள் குறைவு. அதனால் ஒரு மாதம் விளையாடிவிட்டு மாறிக்கொள்ளுங்கள் என்பேன். சுவையான விஷயம், எழிலே பைதனில் எழுதப்பட்டதுதான்.

இனி, என்ன செய்ய ஆசை என்ற கேள்வி. மருதமுனையில் என் கூட்டாளி ஒருவரின் குடும்பம் கைத்தறி நெசவு. சாரனும் சாரியும் இணையத்தில் காட்டி விற்க வேண்டும், அதற்குத் தானே பக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய தம்பிக்கு ஆசை. அவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தவிர வேறு பேச்சு இல்லை, ஏனென்றால் உலாவிக்குள் ஓடுகிற மொழி அதுதான். அதற்கு முன்னால் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டும் பழக வேண்டும். இவை நிரலாக்க மொழிகள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது படம், இது பந்தி என்று அடையாளம் இடுகிற முறை; சி.எஸ்.எஸ். அதற்கு நிறமும் வடிவும் கொடுப்பது. நிரல் மாதிரிக் கணக்குப் பார்க்கவோ முடிவெடுக்கவோ அவற்றுக்குத் தெரியாது. ஆனால் எழுதிய அடுத்த நொடியில் கண்ணுக்கு ஒன்று தெரியும் என்பதால் மனம் சோராது. நெசவுக்காரர் வீட்டுக்கு இன்னொரு உறவும் உண்டு. 1804இல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்காட் செய்த தறி, துளையிட்ட அட்டைகளைப் பார்த்து எந்த நூல் மேலே எந்த நூல் கீழே என்று தீர்மானித்தது. கணினிக்குத் துளை அட்டையில் கட்டளை கொடுக்கிற எண்ணம் அங்கிருந்து வந்தது. தம்பிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப வாப்பாதான் எங்கட வீட்டில முதல் புரோகிராமர்" என்றார்.

வயலில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டரைத் தானாகப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதற்கு சி பிளஸ் பிளஸ் சாயலில் எழுத வேண்டும். அன்ட்ரொயிட் செயலி என்றால் கொட்லின். ஐபோன் செயலி என்றால் சுவிப்ட், ஆனால் அதற்கு ஆப்பிள் கணினி வேண்டும், எனவே இப்போதைக்கு மறந்துவிடலாம். கடைக் கணக்கு மட்டும்தான் என்றால் எக்செல் போதும், மொழி ஒன்றும் படிக்க வேண்டாம். என்ன செய்வது என்று இன்னும் தெரியாது, கணக்கு, தரவு, சின்னச் சின்ன வேலை என்று எதையாவது தொட்டுப் பார்க்கலாம் என்கிறவருக்குப் பைதன்.

மிச்சம் இருப்பது, கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேரிடம் இருப்பது அன்ட்ரொயிட் போன் மட்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பைட்ராய்ட் 3 என்ற செயலியை ஒரு தடவை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே போனில் பைதன் ஓடும். மருமகள் முதல் இரண்டு மாதமும் அப்படித்தான் படித்தாள். ஆனால் போன் விசைப்பலகையில் இரண்டு பேய் இருக்கிறது. வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பிரிண்ட் கட்டளை பெரிய எழுத்தில் தொடங்கினால் பைதனுக்கு அது வேறு பேர், அப்படி ஒன்றைத் தெரியாது என்று நேம் எரர் கொடுக்கும். மற்றது, மேற்கோள் குறியை அழகுக்காக வளைத்துப் போடுகிற விசைப்பலகைகள், அல்லது வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வெட்டி ஒட்டுவது. வளைந்த மேற்கோளைப் பைதன் ஏற்காது. எழுத்தெல்லாம் சரியாக இருக்கிற மாதிரித் தெரியும், ஓடாது. இந்த இரண்டையும் தெரியாமல் அவள் ஒரு இரவு முழுக்க அழுதிருக்கிறாள். விசைப்பலகை அமைப்பில் தானியங்கிப் பெரிய எழுத்தை நிறுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய லெப்டொப் ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதில் விண்டோஸ் 7 என்றால் பைதனின் புதிய பதிப்பு ஏறாது. 3.8 பதிப்பைத் தேடி இறக்குங்கள், அதுதான் விண்டோஸ் 7இல் ஓடுகிற கடைசி வரிசை. தொடங்குகிறவர் படிக்கிற எதற்கும் அது தாராளம். 2008இல் 3 வந்த பிறகும் பல வருடம் பைதன் 2ஐப் பாவித்தார்கள், 2020 ஜனவரியோடு அதன் பராமரிப்பு நின்றுவிட்டது. பிரிண்ட் கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருக்கிற குறிப்போ வீடியோவோ கண்டால் அது 2இன் காலத்தது, தள்ளிப் போங்கள்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, நாங்கள் ஏன் படிக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். தருகிறதுதான். ஆனால் கழிவை மூடைக்குக் கழிக்க வேண்டுமா, மொத்தத்தில் கழிக்க வேண்டுமா என்று அதற்குத் தெரியாது, நீங்கள் சொல்ல வேண்டும். அது பிழையாக எழுதினால் கண்டுபிடிக்கவும் வாசிக்கத் தெரிய வேண்டும். தொடங்குகிறவருக்கு அதில் நான் காண்கிற பெரிய நன்மை வேறு: பிழைச்செய்தியை வெட்டிப் போட்டு, இது என்ன சொல்கிறது, தமிழில் விளக்கு என்று கேட்கலாம். இரவு பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது அதுவும் ஒரு துணை. விடையைக் கேட்காதே, விளக்கத்தைக் கேள் என்று மருமகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறாளோ தெரியாது.

மொழி மாறிக்கொண்டே இருப்பது மட்டும் கூடாது. இரண்டு கிழமை பைதன், ஒரு வீடியோ பார்த்து ஜாவா, கூட்டாளி சொன்னான் என்று சி ஷார்ப். ஒவ்வொன்றிலும் மாறி, நிபந்தனை வரை போய், மடக்கு வருகிற இடத்தில் கடினமாகும். அந்த இடத்தில் அடுத்த மொழி இலகு போலத் தெரியும். எல்லா மொழியிலும் கடினம் வருவது அதே இடத்தில்தான். ஒன்றில் ஆறு மாதம் இருங்கள். அந்த ஆறு மாதத்துக்குள் உங்களுக்கோ வீட்டுக்கோ உபயோகப்படுகிற ஒரு சின்ன நிரலை, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், முடித்துவிடுங்கள்.

மருமகளின் நெல் நிரல் இப்போது மூடையைக் கேட்கும், கழிவைக் கேட்கும், விலையைக் கேட்கும். போன முறை போனபோது ஈரத்தையும் சேர்த்திருந்தாள். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீதம். ஈரம் 14ஐ விடப் பெரிது என்றால் கிலோவுக்குப் பத்து ரூபா குறை என்று பைதனில் நிபந்தனை. 16 போட்டுக் காட்டினாள், 277200. 13 போட்டுக் காட்டினாள், 302400. நான் நல்லது என்றேன்.

அத்தான் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து திரையைப் பார்த்தார்.

"சரியா 14 இருந்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பெரிது என்கிற அந்தக் குறியைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. 14 என்று தட்டிவிட்டு ஓடவிட்டாள்.